அம்மா என்கூட காய்

மார்ச் 4, செவ்வாய்

அவருக்குக் காது மிஷின் வந்துவிட்டது. இரண்டு காதுக்கும். பழுப்பு நிறத்தில், ஒவ்வொன்றும் ஒரு அவரைக்கொட்டை அளவு. வீட்டுக்குள் நுழையும்போதே, "ஏய், இந்தச் செருப்பு இவ்வளவு சத்தம் போடுமா?" என்று கேட்டார். குழாயைத் திறந்தேன், திடுக்கிட்டார். பேப்பரை மடித்தேன், திரும்பிப் பார்த்தார். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்தது. கொஞ்சம் அழுகையும் வந்தது.

டப்பாவுக்கு மூடி அடிக்கும் பட்டறையில் இத்தனை வருஷம் நின்றதற்கு அவர் கொடுத்த விலை அந்தக் காது. கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் யாரும் பேசியதில்லை, கத்தியிருக்கிறோம். "உப்பு போதுமா" என்பதையே தெருவுக்குக் கேட்கும்படிதான் கேட்பேன். நாங்கள் தினமும் சண்டை போடுகிறோம் என்று கீழ்வீட்டு அக்கா நம்பிக்கொண்டிருக்கிறாள். மாடிப்படியில் பார்த்தால் எனக்காகப் பாவப்படுவாள்.

நான் பார்ப்பது டாக்ஸி கம்பெனியில் போன் எடுக்கிற வேலை. காலையிலிருந்து காதில் ஹெட்செட். வீட்டுக்கு வந்தால் திரும்பவும் தொண்டை கிழியக் கத்தல். இன்றோடு அது முடிந்தது. சாப்பிடும்போது சட்டம் போட்டுவிட்டேன். "இனிமே இந்த வீட்டுல யாரும் கத்தக்கூடாது. மனுஷங்க மாதிரி மெதுவாப் பேசுவோம்."

"புரிஞ்சுதாடி வண்டு?"

வண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேகமாகத் தலையாட்டினாள். ஆறு வயதாகிறது. பேச்சு வருவதற்கு முன்பிருந்தே வாயை மூடிக்கொண்டு ம்ம்ம் என்று ரீங்காரம் போட்டபடியே இருப்பாள். அதனால்தான் வண்டு.

மார்ச் 6, வியாழன்

வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது! கடிகாரம் ஓடும் சத்தம் கேட்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

பிள்ளைக்குத் திமிர் வந்துவிட்டது. அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் ஏன் என்று கேட்பதில்லை. நாலு தடவை கூப்பிட்டு, கடைசியில் போய்த் தோளைப் பிடித்துத் திருப்பினால், அப்போதுதான் என்னைப் பார்த்த மாதிரி முழிக்கிறாள். இப்படி ஒரு நடிப்பு இந்த வயதில்.

"இந்தத் திமிர் எங்கேருந்து வந்துச்சு இவளுக்கு?" என்று இவரிடம் கேட்டேன்.

"எனக்கு இப்பத்தான் காது கேக்குது. என்னை ஏன் மாட்டிவிடறே?" என்று நைசாக நழுவிவிட்டார்.

மார்ச் 13, வியாழன்

டீச்சர் பள்ளிக்கூட வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். "உங்க பொண்ணு கெட்டிக்காரிதான். ஆனா கவனமே இல்ல. நான் ஒண்ணு சொன்னா அவ ஒண்ணு செய்யறா. எல்லாரும் சிரிச்சா அவளும் சிரிக்கிறா, எதுக்குன்னு கேட்டா தெரியல." இப்படியே போனால் அடுத்த வருஷமும் இதே வகுப்பில் உட்கார வைக்க வேண்டியிருக்கும் என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

நேற்று வகுப்பில் கட்டம் போடச் சொல்லியிருக்கிறார். இவள் பக்கம் முழுக்க வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். வரிசை வரிசையாக, ஒன்றுகூடக் கோணல் இல்லாமல். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஆனாலும் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் திட்டினேன். தன் கையை என் கைக்குள் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்து நடந்தாள். பாதி வழியில் ரீங்காரம் ஆரம்பித்துவிட்டாள். திட்டுகிறவளுக்கு எப்படி இருக்கும்?

மார்ச் 18, செவ்வாய்

இன்று நான் செய்தது சரியா என்று தெரியவில்லை.

சாயங்காலம் சாப்பிடக் கூப்பிட்டேன். வரவில்லை. மறுபடி கூப்பிட்டேன். உள் அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, பொம்மைக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். வாசற்படியில் நின்று, "வண்டு, இதுதான் கடைசி. அப்புறம் அம்மா கூப்பிட மாட்டேன்" என்றேன். கத்தவில்லை. நிதானமாகத்தான் சொன்னேன். அசையவில்லை. சரி, பசித்தால் வரட்டும் என்று நான் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவிவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவளே வந்தாள். காலித் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். போய்ப் படுத்துக்கொண்டாள். எனக்கும் வீம்பு, எழுப்பவில்லை. இவர் வேலை முடிந்து வந்து, பாதித் தூக்கத்தில் மடியில் வைத்து ஊட்டினார். "சின்னப் பிள்ளைகிட்ட என்ன போட்டி உனக்கு?" என்றார்.

போட்டியா? நான் யாரோடும் போட்டி போடவில்லை. பெற்றவள் கூப்பிட்டால் பிள்ளை திரும்ப வேண்டும், அவ்வளவுதானே?

மார்ச் 21, வெள்ளி

வேலையில் ஒரு பெண் அழைத்தாள். ஸ்டேஷனுக்கு வண்டி வேண்டும் என்று மட்டும்தான் சொன்னாள். வண்டி ஓட்டுகிறவரிடம், "அந்தம்மா அழுதுட்டு இருக்காங்க, பாட்டுக் கீட்டுப் போடாதீங்க" என்று சொல்லி அனுப்பினேன். அது உண்மைதான் என்று பிறகு சொன்னார். பக்கத்து சீட்டுக்காரி, "உனக்குப் பாம்புக் காதுடி" என்றாள். பெருமையாக இருந்தது.

மார்ச் 24, திங்கள்

எழுதவே கை வரவில்லை.

இவர் அவளைக் குளிப்பாட்டிவிட்டுத் தலை துவட்டும்போது கேட்டாளாம். "அப்பா, அம்மா ஏன் என்கூட காய்?"

பிள்ளைகள் பேச்சை நிறுத்தினால் சுண்டுவிரலை நீட்டிக் காய் விடுவார்கள். சேர்ந்துகொண்டால் இரண்டு விரலை ஒட்டிக் காட்டிப் பழம். நான் எப்போதடி உன்னோடு காய் விட்டேன்?

"அம்மா உன்கூடப் பேசறாளே" என்று இவர் சொன்னதற்கு, "இல்ல. அம்மா வாயை மட்டும் ஆட்டுறா. அப்பாவுக்கு மிஷின் வந்ததுலேர்ந்து என்கூடப் பேசறதே இல்ல" என்றாளாம்.

முதலில் சிரித்தாராம். அப்புறம் அவளுக்கு முதுகுப் பக்கமாக நின்று, சாக்லேட் வேணுமா என்று மெல்லக் கேட்டிருக்கிறார். திரும்பவில்லை. பழைய மாதிரி, பட்டறைக் குரலில் கேட்டிருக்கிறார். உடனே திரும்பிக் கையை நீட்டினாளாம்.

என்னிடம் இதைச் சொல்லும்போது தன் மிஷினைக் கழற்றிக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். "வாயைப் பாக்குறது, புரியாமலே தலையாட்டுறது, எல்லாரும் சிரிச்சா கூடவே சிரிக்கிறது... இதெல்லாம் நான் பண்ணின வேலைடி. எனக்குத் தெரியாதா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உங்களுக்குக் காது போச்சுன்னா எல்லாருக்கும் போகணுமா?" என்றேன். கத்திச் சொன்னேன். மிஷின் இல்லாமலே அவருக்குக் கேட்டது.

மார்ச் 25, செவ்வாய்

அவள் பின்னால் நின்று தட்டைக் கீழே போட்டேன். சட்டென்று திரும்பினாள். நன்றாகத்தான் கேட்கிறது. இவர் சும்மா பயமுறுத்துகிறார்.

மார்ச் 26, புதன்

இல்லை.

அவள் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். பின்னால் நின்று "வண்டு" என்றேன். எல்லா அம்மாக்களும் கூப்பிடுகிற குரலில். பென்சில் நிற்கவில்லை. கொஞ்சம் கூட்டினேன். நிற்கவில்லை. இன்னும் கூட்டினேன். கூட்டிக் கூட்டி, எந்தக் குரலில் திரும்பினாள் என்றால், "உப்பு போதுமா" என்று இவரிடம் இத்தனை வருஷம் கத்தினேனே, அந்தக் குரலில்.

திரும்பியவள் முகம் எப்படி மலர்ந்தது! ஓடிவந்து இரண்டு விரலையும் ஒட்டிக் காட்டினாள். "பழமா அம்மா?"

இந்தப் பாழாய்ப்போன கத்தல்தான் அவளுக்கு எங்களைக் கேட்க வைத்திருக்கிறது. எல்லோரும் கத்துகிற வீட்டில் அவளுக்குக் காது கேட்காதது யாருக்குத் தெரியும்? நாகரிகமாக இருக்கலாம் என்று நான்தான் சட்டம் போட்டு அதையும் பிடுங்கிவிட்டேன். பிடுங்கியதோடு விட்டேனா? வரவில்லை என்று பட்டினி போட்டேன். போனில் யார் அழுதாலும் தெரியுமாம் எனக்கு. பாம்புக் காதாம்!

ஏப்ரல் 3, வியாழன்

காது சோதனை. தடித்த கதவு போட்ட சின்ன அறை, சுவரெல்லாம் பஞ்சு. வண்டு முன்னால் ஒரு கிண்ணம், கை நிறையப் பாசிமணிகள். சத்தம் கேட்டால் ஒரு மணியைக் கிண்ணத்தில் போட வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சோதனை செய்கிற பெண். பயந்துவிடுவாள் என்று என்னையும் உள்ளே, அவளுக்குக் கொஞ்சம் பின்னால் உட்கார வைத்தார்கள்.

முதலில் கனத்த சத்தம். போட்டாள். அடுத்ததும் போட்டாள். விளையாட்டு பிடித்துவிட்டது. நான்கூட நிம்மதியாக மூச்சு விட்டேன். அப்புறம் குருவிக் குரல் மாதிரி மெல்லிய சத்தம் வந்தது. எனக்குத் தெளிவாகக் கேட்டது. வண்டு மணியைக் கன்னத்தோரம் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். போடுடீ. போடேன். இதோ வந்ததே.

போட்டாள். மறுபடி அந்தச் சத்தம், மறுபடி போட்டாள். கடவுளே என்று இருந்தது.

அந்தப் பெண் கதவைத் திறந்தாள். "அம்மா, நீங்க கொஞ்சம் வெளியில உக்காருங்களேன். கண்ணாடியில உங்க முகத்தைப் பாத்துப் போடுறா. சத்தம் வரும்போதெல்லாம் நீங்க புருவத்தைத் தூக்குறீங்க."

எனக்குத் தெரியவே தெரியாது. சத்தியமாக வேண்டுமென்று செய்யவில்லை. இல்லை, செய்தேனோ?

வெளியே உட்கார்ந்தேன். கதவு தடிமன், ஒன்றும் கேட்கவில்லை. சின்ன ஜன்னல் வழியாக அவள் கை மட்டும் தெரிந்தது. கன்னத்தோரம் அந்த மணி. அது அங்கேயே இருந்தது. கீழே வரவேயில்லை.

ஏப்ரல் 9, புதன்

டாக்டர் சொன்னது. இரண்டு காதிலும் நரம்புக் குறை. பெரிய சத்தம் கேட்கும், மெல்லிய சத்தங்கள் விழாது. க, ச, வ எல்லாம் அவளுக்கு ஒன்றுபோல. கட்டம் வட்டமானது அப்படித்தான். இவருக்கு வந்தது பட்டறையால், இவளுடையது வேறு.

"மிஷின் வெச்சா இப்போதைக்கு நல்லாக் கேக்கும்" என்றார். அந்த "இப்போதைக்கு" எனக்குப் பிடிக்கவில்லை. கேட்டேன்.

"இது இறங்கிட்டே போற மாதிரித் தெரியுதும்மா. எவ்வளவு வேகமா, எப்போ நிக்கும்னு சொல்ல முடியாது. முழுசாப் போகவும் போகலாம்."

"முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா?"

"மிஷின் முன்னாடியே வெச்சிருக்கலாம். இறங்குறதை நிறுத்தியிருக்க முடியாது."

எனக்கு ஆறுதலாகச் சொன்னார் என்று தெரிகிறது. ஆறவில்லை.

வண்டு பக்கத்து நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு ம்ம்ம் என்று ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 12, சனி

ஊரில் இருக்கிற குரல் எல்லாம் உனக்குக் கேக்கும், பெத்த பிள்ளைக்குக் கேக்கலைன்னு மட்டும் தெரியல, இல்ல? என்று இவர் கேட்பார் என்று நான்கு நாளாகக் காத்திருக்கிறேன். கேட்கவில்லை. பாத்திரம் துலக்கித் தருகிறார், துணி காயப்போடுகிறார், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்தால் நானும் ஏதாவது சொல்லிச் சண்டை போட்டு முடித்துவிடலாம்.

ஏப்ரல் 20, ஞாயிறு

கத்துகிறோம் மறுபடியும். மூன்று பேரும். கீழ்வீட்டு அக்கா மறுபடி பாவப்படத் தொடங்கிவிட்டாள்.

மே 2, வெள்ளி

மிஷின் வந்தது. அவளாகவே சிவப்புக் கேட்டாள். காதில் வைத்து அந்தப் பெண் ஏதோ திருகினாள். எல்லா அம்மாக்களையும் போல நானும் எதிர்பார்த்துக்கொண்டுதான் நின்றேன். பிள்ளை என் குரலைக் கேட்கும், முகம் மலரும், ஓடிவந்து கட்டிக்கொள்ளும் என்று.

"வண்டு" என்றேன். மெல்ல.

என்னைப் பார்த்தாள். இவரைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. "இது அம்மா குரல் இல்ல."

"அம்மாதான்டா."

"இல்ல. அம்மா குரல் பெரிசா இருக்கும். இது கீச்சுன்னு இருக்கு." இவர் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அந்தப் பெண், "பழகிடும், எல்லாப் பிள்ளையும் முதல்ல இப்படித்தான்" என்றாள். நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மே 11, ஞாயிறு

பழகிவிட்டது. கூப்பிட்டால் திரும்புகிறாள். டீச்சர்கூட மாற்றம் தெரிகிறது என்கிறார், அடுத்த வகுப்புக்கு அனுப்பிவிடுவாராம். சந்தோஷப்பட வேண்டியதுதான்.

ஆனால் ரீங்காரம் நின்றுவிட்டது. கவனித்துப் பார்த்தேன், வாரம் முழுக்க இல்லை. ஏன்டா பாடுறதில்ல என்று கேட்டதற்கு, "மிஷின்ல கேட்டா அது நான் போடுற சத்தம் மாதிரியே இல்ல. வண்டி ஓடுற மாதிரி இருக்கு, அசிங்கம்" என்றாள்.

வண்டு என்று கூப்பிட வாய் வரவில்லை இன்று. வேறு என்னவென்று கூப்பிடுவது?

ஜூன் 14, சனி

சோதனை செய்கிற பெண் போன தடவையே சொன்னாள். கேட்கிறபோதே கைஜாடையும் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிப்பதும் சொல்லிக் கொடுங்கள், பின்னால் தேவைப்பட்டால் புதிதாக இருக்காது என்று. சனிக்கிழமை வகுப்பு. இவரும் வண்டுவும் போய் வருகிறார்கள். எனக்கு வேலை.

வேலை ஒரு சாக்குத்தான். சனிக்கிழமை லீவு கேட்டால் கிடைக்கும். நானும் போய் உட்கார்ந்தால் அது வரப்போகிறது என்று ஒத்துக்கொண்டது போல. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

திரும்பி வந்து இருவரும் சோபாவில் உட்கார்ந்து கையாலேயே ஏதோ பேசிச் சிரித்தார்கள். "என்ன?" என்றேன். "ஒண்ணுமில்ல, உன்னைப் பத்தித்தான்" என்றார் இவர். வேடிக்கைக்குத்தான் சொன்னார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

மறு சோதனை. நான் உள்ளே போகவில்லை, நானாகவே வெளியே உட்கார்ந்துகொண்டேன்.

இறங்கியிருக்கிறது.

ஜூலை 9, புதன்

காலையில் போனில் ஒருவர், "ஹலோ, கேக்குதா? ஹலோ, நான் பேசறது கேக்குதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கேட்டது. என்னால் பதில் சொல்ல முடியவில்லை. சூப்பர்வைசர் வந்து ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு, வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னார்.

ஜூலை 19, சனி

லீவு போட்டேன். வகுப்புக்குப் போனேன். எல்லோரையும்விட நான்தான் மக்கு. என் விரல் ஒன்றும் சொன்னபடி கேட்கவில்லை. வண்டு என் கையைப் பிடித்துத் திருத்தினாள், அவளுடைய டீச்சர் மாதிரியே பெருமூச்சு விட்டாள். "கவனமே இல்ல உனக்கு" என்றாள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

காலையில் சண்டை. தலை வாரிவிட உட்கார வைத்தேன், சிக்கு. இழுத்துவிட்டேன் போலிருக்கிறது, வீல் என்றாள். "கொஞ்சம் பொறுத்துக்கோடி, நேரமாச்சு" என்றேன். எழுந்து நின்றாள். இரண்டு மிஷினையும் காதிலிருந்து பிடுங்கி, டப்பாவில் போட்டு மூடினாள். என் முகத்துக்கு நேரே சுண்டுவிரலை நீட்டினாள். காய். அப்படியே திரும்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

இவர் நேற்று இரண்டாம் ஷிப்ட், இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் மிஷினும் மேஜை மேல்தான் கிடந்தது. வீட்டில் காது கேட்கிற ஒரே ஆள் நான். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

வாயைத் திறந்துவிட்டேன், கத்த. பழைய குரல் தொண்டை வரை வந்தது. கத்தினால்கூட அவளுக்கு இப்போது கேட்குமா என்று திடீரென்று தோன்றியது. போன மாதம் சோதனைக் காகிதத்தில் கோடு எவ்வளவு கீழே இறங்கியிருந்தது! கேட்காவிட்டால்? இன்றைக்கு அதைத் தெரிந்துகொள்ள எனக்குத் தைரியம் இல்லை. வாயை மூடிக்கொண்டேன்.

சீப்பை வைத்துவிட்டுச் சுவருக்கும் அவளுக்கும் நடுவில் போய் உட்கார்ந்தேன், முழங்கால் இடிக்க. இரண்டு விரலை ஒட்டிக் காட்டினேன். முகத்தைத் திருப்பினாள். நானும் அந்தப் பக்கம் நகர்ந்தேன். மறுபடி திருப்பினாள், மறுபடி நகர்ந்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"கட்டம்" என்றேன். குரல் இல்லாமல், உதட்டால் மட்டும்.

என் வாயைப் பார்த்தாள். விரலால் தரையில் ஒரு கட்டம் போட்டாள்.

"வட்டம்."

வட்டம் போட்டாள். என் கீழ் உதட்டைத் தொட்டுக் காட்டினாள், பல் அங்கே படுகிறதாம், அதை வைத்துத்தான் கண்டுபிடித்தாளாம். மேலும் சொல்லச் சொல்லிக் கையை ஆட்டினாள். செருப்பு, குழாய், உப்பு என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். சிலது பிடித்தாள், சிலது பிடிக்கவில்லை. "வண்டு" என்றேன். தன் நெஞ்சில் கை வைத்தாள்.

அப்புறம் வாய்விட்டுச் சொன்னாள், தன் குரல் தனக்கே கேட்காததால் கொஞ்சம் சத்தமாகவே. "அம்மா, ஒண்ணுமே கேக்கல. ஆனா நீ பேசறே."

தலையாட்டினேன். இரண்டு விரலை என் விரலோடு ஒட்டினாள்.

மிஷினை அவளாகவே எடுத்து மாட்டிக்கொண்டாள். அவளுக்கும் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது, எனக்கும் வேலைக்கு நேரமாகிவிட்டது. பாதி வாரிய தலையோடேயே போய்விட்டாள்.